நம்பும்படி ஒரு விவரம்

வெங்கட் தன் நோட்டீசை ஜெராக்ஸ் எடுக்க நிர்மலாவின் கடைக்கே வந்தார். ஓசூரில் ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம். ராயக்கோட்டை ரோட்டில் மட்டும் பத்துக்கு மேல் இருக்கும். அன்று மற்ற கடைகளில் கூட்டமாக இருந்ததோ, இவள் கடை வாசலில் பைக் நிறுத்த இடம் கிடைத்ததோ, நேரே உள்ளே வந்து, “ஐம்பது காப்பி மேடம், நல்லா டார்க்கா இருக்கணும்” என்றார்.

காகிதத்தைக் கண்ணாடியில் கவிழ்ப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுவது அவள் பழக்கம். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று ஊரார் மனுக்களை டைப் அடித்துக் கொடுக்கிறவளுக்கு வேறு பழக்கம் எப்படி இருக்கும். ‘சிறுகதை எழுதலாம் வாருங்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். நடத்துபவர்: எழுத்தாளர் ஆர். வெங்கட்’ என்று இருந்தது. அதன் கீழே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் தூண்டில் முள்ளாக வளைந்து மேலேறி, முதல் எழுத்தைத் தொட்டு நின்றது.

அந்தத் தூண்டில் முள்ளை அவள் நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பீரோவில், துணிகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் இருந்த அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் அது இருந்தது. பெயர், பதவி: பாதுகாப்பு அலுவலர். தேதி, மாதேஸ்வரன் செத்த மூன்றாம் நாள்.

ஐம்பது காப்பியும் ஓடி முடியும்வரை அவள் நிமிரவில்லை. பிறகு, “யாரு வேணா சேரலாங்களா சார்?” என்று கேட்டாள்.

“தமிழ் எழுதத் தெரிஞ்சா போதும்.”

“மனு எழுதுவேங்க.”

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, ஆளைக் குத்தாத சிரிப்பு. “மனு வேற, கதை வேற மேடம். வாங்க, மனுவை மறக்கடிச்சிடலாம்.”

அவர் போனபின் ஒரு நோட்டீசைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

மாதேஸ்வரன் அவள் புருஷன். உத்தனப்பள்ளிக்கு உள்ளே மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊர் அவர்களுடையது. தக்காளியும் ராகியும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். தண்ணீர் இறங்கிப்போனபின் நிலத்தை அண்ணன் கோவிந்தப்பன் பார்த்துக்கொள்ள, தம்பி மாதேஸ்வரன் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவாக்கும் பிரஸ் மிஷின் ஓட்டப் போனான். பதினோரு வருஷம் ஓட்டினான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதம், காலை ஷிஃப்டில், இருநூற்றைம்பது டன் பிரஸ் அவனுடைய வலது கையையும் தோளையும் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

கம்பெனி சார்பில் வந்தவர்கள் மாலை போட்டார்கள். நீட்டிய காகிதங்களில் அவள் கையெழுத்துப் போட்டாள். என்ன காகிதம் என்று அன்றைக்கு அவள் படிக்கவில்லை. ஊருக்கெல்லாம் படித்துச் சொல்கிறவள், தன்னுடையதைப் படிக்கவில்லை.

கங்கப்பன் வராமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு பாகலூர் பக்கம் போனவர், வருஷத் திதிக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவிய இடத்தில் நின்றபடி சொன்னார். “அம்மா, அன்னிக்கு லைட் கர்ட்டன் ஓடலம்மா. பதினஞ்சு நாளா பைபாஸ்ல இருந்துச்சு. ஆயில் தெறிச்சா அது மிசினை நிறுத்திடும், ப்ரொடக்‌ஷன் கொறையுதுன்னு மேல சொன்னாங்கோ. நான்தான் ஒயரை மாத்திக் குடுத்தேன்.” சொல்லிவிட்டு ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். லைட் கர்ட்டன் என்பது மிஷினுக்கு முன்னால் ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஒளித் தடுப்பு. கை உள்ளே போனால் பிரஸ் இறங்காது. இதை மாதேஸ்வரன் கல்யாணமான புதிதில் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான், தன் மிஷின் பத்திரமானது என்பதற்காக.

“இதை எழுதிக் குடுப்பீங்களா அண்ணா?” என்று கேட்டாள்.

“என்னாத்துக்கும்மா. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க.”

அவளே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டாள். மூன்று முறை போட்டபின் விபத்து அறிக்கையின் நகல் வந்தது. இங்கிலீஷில் இருந்ததை அகராதி வைத்து ஒரு வாரம் படித்தாள். பாதுகாப்புச் சாதனங்கள் எல்லாம் சரியாக இயங்கின என்று முதல் பக்கம் சொன்னது. மூன்றாம் பக்கத்தில் இது இருந்தது: இறந்தவர், ஊர் மாரியம்மன் திருவிழாவுக்காகத் தன் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு கட்டியிருந்தார். பக்கவாட்டுத் தடுப்பைத் தாண்டி அவர் கையை விட்டபோது கயிறு அச்சில் சிக்கி இழுத்தது. கயிறு, நகை அணிந்து இயந்திரத்தை இயக்கக் கூடாது என்ற விதியை மீறிய அவரது அஜாக்கிரதையே காரணம்.

கையே மிஞ்சாத இடத்தில் கயிறு இருந்ததா இல்லையா என்று யார் பார்ப்பார்கள்?

மாதேஸ்வரன் கயிறு கட்டவில்லை. கட்டத்தான் ஆசைப்பட்டான். அந்த வருஷம் கரகம் எடுக்கும் முறை அவர்கள் வீட்டுக்கு வந்தது. அவர்கள் ஊரில் காப்புக் கட்டியவன் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஏழு நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கோயிலிலேயே படுக்கை. அதனால் ஏழு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தான். லெட்டரை டைப் அடித்தவளே நிர்மலாதான். லீவு கிடைக்கவில்லை. அண்ணன் கோவிந்தப்பன் அவனுக்குப் பதிலாகக் காப்புக் கட்டினான். மாதேஸ்வரன் வெறும் கையோடு ஷிஃப்டுக்குப் போனான்.

அந்த லீவு லெட்டரும் அறிக்கையோடு இணைப்பாக வந்திருந்தது. காரணம் என்ற இடத்தில் ‘காப்புக் கட்டு’ என்பதன் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. லீவு மறுக்கப்பட்டவனின் காகிதத்திலிருந்தே அவனைக் குற்றவாளியாக்கும் கயிற்றை ஒருவன் திரித்திருக்கிறான். அந்த ஒருவன் யார், எப்படிப்பட்டவன், இதை எழுதும்போது டீ குடித்தானா என்றெல்லாம் நான்கு மாதமாக அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவன்தான் வந்து ஐம்பது காப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

வகுப்பு ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். பதினான்கு பேர் வந்தார்கள். ஊத்தங்கரையிலிருந்து வந்து இங்கே சி.என்.சி. மிஷின் ஓட்டும் நவீன்குமார், வீட்டில் கன்னடம் பேசும் நர்ஸ் சௌமியா, தபால் ஆபீசில் ரிடையரான அருள்ஜோசப் ஆகிய மூவரும் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

முதல் வாரம், தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார் வெங்கட். அவள் எழுதியதை எடுத்துப் பார்த்துவிட்டு, “நிர்மலா மேடம் கடைசியில ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’னு முடிச்சிருக்காங்க. என்ன கேட்டுக்கறீங்க மேடம், வீட்டுமனைப் பட்டாவா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இவர் முன்னால் சிரிக்கப் பழகிக்கொள்வது நல்லது என்று தோன்றியது.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார். கதை முடியப்போகிற இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் ஆரம்பிக்க முடியுமோ அங்கே ஆரம்பியுங்கள் என்றார். நீங்கள் முதலில் அழுதுவிட்டால் படிக்கிறவனுக்கு அழ மிச்சமிருக்காது என்றார். ‘மிகவும்’ என்ற சொல்லை ஆறு வாரத்துக்குத் தடை செய்தார். ஒவ்வொரு வாரமும் ஒருவருடைய கதையைப் பெயர் சொல்லாமல் அவரே வாசிப்பார். மற்றவர்கள் கையில் நகல் இருக்கும். அதன்பின் விவாதம். அது முடியும்வரை எழுதியவர் வாயே திறக்கக் கூடாது. “புஸ்தகம் படிக்கிறவன் பக்கத்துல உட்கார்ந்து நீங்க விளக்கம் சொல்ல முடியுமா? முடியாதுல்ல. பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான் பேசணும்” என்பது அவர் கட்சி.

இரண்டாம் வாரம்தான் அவர் அதைச் சொன்னார்.

“ஒரு பொய்யை நம்ப வைக்கணும்னா பெரிய விஷயத்துல கை வைக்காதீங்க. சின்னதா ஒரு விவரம் போதும். ‘அவர் அழுதார்’னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. ‘சட்டைப் பையில இருந்த பஸ் டிக்கெட்டால மூக்கைத் துடைச்சார்’னு எழுதுங்க. உடனே நம்புவாங்க. அந்த டிக்கெட் இருந்துச்சான்னு ஒருத்தனும் கேட்க மாட்டான்.” கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார். “கதைக்கு மட்டும் இல்ல, ஆபீஸ் ரிப்போர்ட்டுக்கும் இதேதான். என் அனுபவத்துல சொல்றேன்.”

நிர்மலா அதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் தேதியும், பதினொன்று இருபது என்று நேரமும் போட்டாள்.

“சார், விவரம் தப்பாப் போயிட்டா?” என்று நவீன்குமார் கேட்டான்.

“போச்சு. படிக்கிறவனுக்குத் தெரிஞ்ச இடத்துல தப்பு பண்ணினா புஸ்தகத்தை மூடிடுவான். அதனால விசாரிங்க. ஊர்ல நாலு பேரைக் கேளுங்க.”

“நீங்க விசாரிப்பீங்களா சார்?” என்றாள் நிர்மலா. அன்று அவள் கேட்ட ஒரே கேள்வி அது.

“அதெப்படி மேடம், விசாரிக்காம எழுதுவேனா?”

மூன்றாம் வாரம் வில்லனைப் பற்றி. கெட்டவனை மீசை முறுக்க வைக்காதீர்கள், அவன் பக்கம் போய் நின்று பாருங்கள், அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்றார். நிர்மலாவுக்கு எரிந்தது. இவன் பக்கம் நான் எதற்குப் போய் நிற்க வேண்டும். ஆனாலும் வீட்டுப்பாடம் வீட்டுப்பாடம்தான். அந்த வாரம் முழுவதும் கடையில் மனு அடித்துக்கொண்டே அவரை யோசித்தாள். சென்னை அடுக்குமாடியில் வளர்ந்தவர். ஓசூருக்கு வந்து ஆறு வருஷம். சித்திரையில் கோயில் வாசல்களில் சிலர் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைப் பார்த்திருப்பார். வகுப்பில் யாராவது ஒரு வரியைப் பாராட்டினால் அவர் காது மடல் சிவக்கிறது. அன்று மேலேயிருந்து யாரோ ‘பார்த்து எழுதுங்க’ என்று சொல்லியிருப்பார்கள். இவர் உட்கார்ந்து, லீவு லெட்டரைப் புரட்டி, அந்தக் கயிற்றைக் கண்டுபிடித்தபோது, ஒரு நல்ல வரி அமைந்த சந்தோஷம் இவருக்கு வந்திருக்கும். யாரும் கேட்டிராத இடத்தில், தேவைக்கு மேல் நன்றாக எழுதியிருக்கிறார்.

அங்கே நின்று பார்த்தபோது அவளுக்கு அவர் புரிந்தார். புரிந்தால் வெறுப்பு குறையும் என்பது அவர் வகுப்பில் சொன்னது. அவளுக்குக் குறையவில்லை. இதுவரை ஒரு கம்பெனியின்மேல், ஒரு சுவரின்மேல் போய் மோதிக்கொண்டிருந்தது, இப்போது ஒரு காது மடலின்மேல் வந்து நின்றது.

அவள் கதையை ஒன்பது முறை எழுதினாள். முதல் பிரதியில் அவர் பெயரும் கம்பெனி பெயரும் சாபமும் இருந்தன. சாபத்தை அடித்தாள். பெயர்களை எடுத்தாள். தான் அழுத இடங்களை எடுத்தாள். ஆத்திரம் வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, அப்போது மேசைமேல் என்ன இருந்தது என்று மட்டும் எழுதினாள். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படியே செய்தாள். கத்தியை அவரிடமே சாணை பிடிக்கக் கொடுப்பது போல அதில் ஒரு சுகம் இருந்தது.

கடைசி ஞாயிறு விழாவாக நடந்தது. வீட்டாரை அழைத்து வரலாம் என்றார். நிர்மலா கோவிந்தப்பனை அழைத்து வந்து பின்வரிசையில் உட்கார வைத்தாள். “என்ன நடக்கப்போவுது நிர்மலா?” என்று கேட்டான். “கதை படிப்பாங்க மாமா. கேட்டுகினு இருங்க, போதும்” என்றாள். முன்வரிசையில் வெங்கட்டின் மனைவி, அவர் பக்கத்தில் சிறப்பு விருந்தினர். கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர். மாதேஸ்வரனுக்கு மாலை போட வந்தவர்களில் அவரும் ஒருவர். அவருக்கும் அவளைத் தெரியவில்லை.

எல்லாருடைய கதைகளையும் டைப் அடித்து நகல் எடுத்தது நிர்மலாவின் கடை. கம்பெனியில் ஆடிட் நடந்த வாரம் அது. வெங்கட்டுக்கு ஒன்றையும் முன்கூட்டிப் படிக்க நேரமில்லை. “நல்லதுதான். நானும் முதல் தடவை கேட்கிற மாதிரி வாசிக்கிறேன்” என்று சொல்லிக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். முதலில் ஒரு காதல் கதை. அடுத்து அருள்ஜோசப்பின் தபால்காரர் கதை, எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவதாக அவர் கையில் வந்தது ‘லீவு லெட்டர்’.

“ஆஹா, தலைப்பு நல்லா இருக்கே” என்று ஆரம்பித்தார்.

அவருக்கு நல்ல குரல். பிரஸ் ஓட்டுகிறவன் மனைவியிடம் லீவு லெட்டர் டைப் அடிக்கச் சொல்கிறான். ‘ஏழு நாள்னு போடு, ஆறுன்னா அவங்களே அஞ்சாக்கிடுவாங்க’ என்கிறான். அந்த இடத்தில் ஹாலில் சிரிப்பு எழுந்தது. வெங்கட்டும் சிரித்தார். லீவு மறுக்கப்படுகிறது. அண்ணன் காப்புக் கட்டிக்கொள்கிறான். தம்பி கோயில் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறான். அடுத்த பக்கம் ஒரு அலுவலக அறையில் தொடங்கியது. ஒருவர் மேசையில் லீவு லெட்டரைப் புரட்டுகிறார், பென்சிலை எடுக்கிறார்.

வெங்கட் அங்கே நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், கடைசிப் பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். பிறகு வேகமாக வாசிக்கத் தொடங்கினார்.

“சார், ஒரு பாரா விட்டுட்டீங்க” என்றார் அருள்ஜோசப், விரலைத் தன் நகலில் வைத்தபடி. “ ‘பென்சிலால் ஒரு கோடு போட்டார்’ங்கறதுக்கு அடுத்தது.”

“அது… கொஞ்சம் நீளமா இருக்கு. எடிட் பண்ணலாம்னு.”

“அதானே சார் முக்கியமான எடம்” என்றாள் சௌமியா. “மெதுவாப் படிங்க சார்.”

அவர் வாசித்தார். ‘இறந்தவர் தன் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு கட்டியிருந்தார்’ என்று தொடங்கி, அஜாக்கிரதையே காரணம் என்பதுவரை. அறிக்கையின் வரிகளை நிர்மலா தமிழாக்கியிருந்தாளே தவிர ஒரு சொல் கூட்டவில்லை. தன் வரிகளையே அவர் முப்பது பேர் முன்னால், மனைவி முன்னால், நின்றுகொண்டு படித்தார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய காதைப் பார்த்தாள். கடைசி வரி: ‘எழுதி முடித்ததும் அவர் ஒருமுறை படித்துப் பார்த்தார். நன்றாக வந்திருந்தது.’

யாரும் கை தட்டவில்லை. சௌமியாதான் ஆரம்பித்தாள். “எனக்கு ஒரு டவுட். லீவே கெடைக்கல, அவர் காப்பே கட்டல. அப்புறம் கயிறு எப்டி வந்துச்சு? எழுதினவங்க மறந்துட்டாங்களா?”

“மறக்கலம்மா” என்றான் நவீன்குமார். “அந்த ஆபீசர் புளுகியிருக்கான். அதான் கதையே. எங்க ஊத்தங்கரைப் பக்கமும் அப்படித்தான், காப்புக் கட்டுனவன் எல்லை தாண்ட மாட்டான். கயிறு கட்டினு எவனாச்சும் ஷிஃப்டுக்கு வருவானா? வந்தா ஊர்ல சேத்துப்பாங்களா?”

“சர்ச்சுக்குப் போற எனக்கே தெரியும்பா இது” என்றார் அருள்ஜோசப். “திருவிழா சமயத்துல காப்புக் கட்டுனவருக்கு மணியார்டர் வந்தா, நாங்கதான் கோயிலுக்குக் கொண்டுபோய்க் குடுப்போம்.”

பின்னாலிருந்து யாரோ ஓர் அம்மாள், “பச்சப்புள்ளைக்கும் தெரியுமே. அந்த ஆபீசர் எந்த ஊருக்காரனோ” என்றாள். சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் ஹெச்.ஆர். மேனேஜர் மொபைலை எடுத்துக் குனிந்துகொண்டார். வெங்கட்டின் மனைவி மட்டும் சிரிக்காமல் கணவரைப் பார்த்தாள்.

நவீன்குமார் விடவில்லை. “நீங்க சொல்லுங்க சார். நம்பும்படி இருக்குதா அந்த விவரம்?”

“அந்த அதிகாரிக்கு…” வெங்கட் காகிதத்தை அடுக்கினார். “வெளியூர்க்காரருக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை.”

“தெரியாட்டி நாலு பேரை விசாரிக்கணும்ல சார். ஒரு மனுசன் செத்திருக்கான்.”

“விவாதம் போதும்னு நினைக்கிறேன்” என்றார் வெங்கட். “எழுதினவங்க…” அவர் கண் பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று. இப்போதுதான் தேடுகிறார் என்று நிர்மலாவுக்குத் தெரிந்தது. அவர் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு எழுந்தாள்.

“நான்தாங்க எழுதுனது” என்றாள். “இதுல நானா சேர்த்தது அந்த ஆபீசர் ரூமும் அவர் மனசுல நெனச்சதும் மட்டும்தாங்க. மத்தது நடந்தது. செத்தது எங்க வூட்டுக்காரர் மாதேஸ்வரன். காப்புக் கட்டுன அண்ணன் பின்னாடி உக்காந்துகினு இருக்கார். ரிப்போர்ட்டு காப்பி எடுத்தாந்திருக்கேன்.” பையிலிருந்து முப்பது காப்பிகளை எடுத்து பெஞ்சு வழியே அனுப்பினாள். “மூணாம் பக்கம் பாருங்க. கீழ கையெழுத்தும் இருக்குது.”

காகிதம் புரளும் சத்தம் முன்னிருந்து பின்னுக்குப் போயிற்று. ஐந்து வாரமாக ஒவ்வொருவர் நோட்டிலும் ‘நன்று’ என்று எழுதி அந்தத் தூண்டில் முள்ளைப் போட்டுக் கொடுத்தவர் அவர். யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் மனைவி தன் கையிலிருந்த காப்பியை நாலாக மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டு, அவருக்காகக் காத்திருக்காமல் படியிறங்கினாள்.

வகுப்பில் படித்த பதின்மூன்று பேரும் அன்றே, இந்த அறிக்கையின் வரிகளை வெங்கட் வாசித்தார், கையெழுத்து தன்னுடையது இல்லை என்று மறுக்கவில்லை என்று எழுதிய தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அதை நிர்மலா முந்தின நாளே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தாள். மனுவை அவள் மறக்கவில்லை.

படிக்கட்டில் வெங்கட் அவளை மறித்தார். முகம் வேர்த்திருந்தது. “மேடம், நீங்க என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாம்.”

“எங்க வூட்டுக்காரரைப் பத்தி நீங்க எங்கிட்ட தனியாச் சொன்னீங்களா சார்?”

“கர்ட்டனை பைபாஸ் பண்ணச் சொன்னது நான் இல்ல. பிளான்ட் ஹெட். மெயில் இருக்கு. எனக்கு வேற வழி இல்லாம…”

“மெயில் இருக்குதுங்களா?” என்றாள் நிர்மலா. “எழுதிக் குடுங்க. கடை தெரியுமில்ல.”

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். சவரம் செய்யவில்லை. கம்பெனியில் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், பழியை மொத்தமாகத் தன் தலையில் கட்டப் பார்ப்பதாகவும் சொன்னார். கையில் நாலு பக்கம், மெயிலின் நகல். கடையில் கோவிந்தப்பன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

“எல்லாத்தையும் எழுதிட்டேன். யார் சொன்னாங்க, எந்தத் தேதி, எல்லாம். இதை வெச்சு நீங்க அவங்க மேலேயே போகலாம்.” கொஞ்சம் தயங்கினார். “உங்க மனுவில என் பேர் இருக்காதுல்ல?”

“குடுங்க சார், அடிச்சுத் தரேன்” என்றாள்.

அவர் எழுதியது நன்றாக இருந்தது. சுற்றி வளைக்காமல், தேதியோடு, ஒரு சொல் வீணில்லாமல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படி எழுதியிருக்க முடிந்தவர்தான் இவர் என்று நினைத்துக்கொண்டே அவள் டைப் அடித்தாள். பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினாள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து தன் மனுவை எடுத்தாள். அதன் அடியில் அறிக்கையின் நகல், லீவு லெட்டர், பதின்மூன்று சாட்சிக் கையெழுத்துகள். எல்லாவற்றுக்கும் கடைசியில் அவருடைய நாலு பக்கத்தையும் மெயிலின் நகலையும் வைத்து ஸ்டேப்ளரை அழுத்தினாள்.

முதல் வரியில் தன் பெயரை அவர் பார்த்துவிட்டார். ‘பொய் அறிக்கை எழுதிய ஆர். வெங்கட் மீதும், எழுதச் சொன்னவர்கள் மீதும்’ என்று தொடங்கியது அது.

“என்ன மேடம் இது? என் பேரை எடுக்கறேன்னு சொன்னீங்களே.”

“நான் சொல்லலையே சார்.”

“நான் நம்பித்தானே எழுதிக் குடுத்தேன்.”

“நீங்களா நெனச்சுக்கினீங்க.”

அவர் கை காகிதக் கட்டின் பக்கம் நீண்டது. கோவிந்தப்பன் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் அகலமான கையை அதன்மேல் வைத்தான். வெங்கட் கையை இழுத்துக்கொண்டார்.

“எனக்கு ஒரு பொண்ணு இருக்கா மேடம். எட்டாவது படிக்கிறா.”

அவர்மேல் இரக்கம் வருமா என்று நிர்மலா ஒரு கணம் தனக்குள்ளே பார்த்தாள். வரவில்லை. இன்னும் வேண்டும் போலத்தான் இருந்தது. இவர் இப்படியே தினமும் பதினோரு மணிக்கு வந்து கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும், தான் தினமும் இல்லை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

“கிளம்புங்க சார்” என்றாள். “ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் மதியம் சாப்பாட்டுக்கு மூடறதுக்குள்ள இந்த மனுவோட போவணும். மாமா, அந்த ஷட்டரை இழுங்க.”